சாவி ஒப்படைக்கும் நாளில் ஜாமீன்தாரரையும் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வாடகை வீட்டைக் காலி செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடியிருப்பவர் என்ன செய்ய வேண்டும், வீட்டு உரிமையாளர் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கமும் பார்த்து நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பல ஒப்பந்தங்களில் மூன்றாவதாக ஒரு கையெழுத்து இருக்குமே, ஜாமீன் கையெழுத்து, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கக்கூட உரிமை இல்லாமல், பாக்கி விழுந்தால் கட்ட மட்டும் கடமைப்பட்டவர் அவர். ஒப்பந்தம் முடியும்போது அவரை எல்லாருமே மறந்துவிடுகிறார்கள்.

என் சித்தப்பா தன் நண்பரின் மகனுக்காக அப்படி ஒரு கையெழுத்துப் போட்டார். பையன் அப்போதுதான் முதல் வேலையில் சேர்ந்திருந்தான். உரிமையாளர் ஜாமீன் கேட்டதில் தப்பே இல்லை. ஒப்பந்தம் ஓராண்டுக்கு. ஆண்டு முடிந்ததும் யாரும் புதுப்பிக்கவில்லை, வீடும் காலியாகவில்லை. பையன் வாடகை கொடுத்தான், உரிமையாளர் வாங்கிக்கொண்டார். நடுவில் வாடகை ஏறியது, கூட ஒரு நண்பனும் வந்து சேர்ந்தான். சித்தப்பாவிடம் எதையும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் இருவரும் காலி செய்த அன்று, உரிமையாளர் மேலோட்டமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டிருக்கிறது: மின்கட்டணப் பாக்கி, குளியலறைக் கதவின் அடிப்பாகம் நீரில் ஊறிப் பிளந்தது, சமையல் மேடைக் கல்லில் விரிசல். பையன் போனை எடுக்கவில்லை. பட்டியல் சித்தப்பா வீட்டுக்கு வந்தது. அதில் முதல் வரியே வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்கும் செலவு. கையெழுத்துப் போட்டாயிற்று, கட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிவிட்டார் மனிதர்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அவர் தலையில் விழுந்திருக்கவே கூடாது.

பெயின்டையே எடுத்துக்கொள்வோம். குடியிருந்தால் வீடு பழசாகும். வெயில் பட்ட சுவர் வெளுக்கும், காலண்டர் மாட்டிய இடத்தில் ஆணி ஓட்டை இருக்கும், கதவுப் பிடியைச் சுற்றிக் கைபட்டுக் கறுத்திருக்கும். இதெல்லாம் தேய்மானம். இதற்கான விலையைத்தான் மாதாமாதம் வாடகையாகக் கொடுக்கிறோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே, வீட்டை வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும்போது நியாயமான தேய்மானத்தை விலக்கிவைத்துத்தான் சொல்கிறது. உலகில் வேறு பல இடங்களிலும் இதுதான் அளவுகோல். மேடைக்கல் விரிசல் வேறு கணக்கு. அது சேதம், குடியிருந்தவர் பதில் சொல்ல வேண்டும். அதிலும்கூட ஏற்கெனவே பல வருடம் உழைத்த பொருளுக்குப் புதுப்பொருளின் முழு விலையைக் கேட்பது நியாயமில்லை.

அடுத்தது அட்வான்ஸ். எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான். உரிமையாளர் கையில் பணம் இருந்தது. அதில் கழித்துக்கொள்ள வேண்டியதைக் கழிக்காமல் குடியிருந்தவரிடமே கொடுத்துவிட்டு, பிறகு ஜாமீன்தாரரிடம் வந்து கேட்டால் எப்படி? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 141 இதைப் பேசுகிறது. ஜாமீன் போடும் நேரத்தில் கடன் கொடுத்தவர் (இங்கே வீட்டு உரிமையாளர்) கையில் வேறு ஈடு (இங்கே அட்வான்ஸ்) ஏதாவது இருந்து, ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் அதை அவர் விட்டுவிட்டால், அந்த ஈட்டின் மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரர் விடுபடுகிறார். இதைச் சொல்லியிருந்தாலே சித்தப்பா தரப்பில் ஒரு வலுவான வாதம் இருந்திருக்கும். அதே சட்டத்தின் பிரிவு 133, ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் நிபந்தனைகளை மாற்றினால் மாற்றத்துக்குப் பிறகு வருபவற்றுக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது. வாடகை ஏறியதும் ஆள் கூடியதும் மாற்றம் இல்லாமல் என்ன?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதுகாப்புகளை ஒப்பந்தத்திலேயே விட்டுக்கொடுக்கும் வரிகள் இருக்கலாம். ‘புதுப்பித்தாலும், தொடர்ந்து குடியிருந்தாலும் இந்த உத்தரவாதம் நீடிக்கும்’ என்று எங்காவது ஒரு மூலையில் இருந்தால், ஓராண்டுக்கு என்று நினைத்துப் போட்ட கையெழுத்து அவர்கள் இருக்கும்வரை நீளும். எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதும் முக்கியம். உத்தரவாதம் தருபவராகவா, அல்லது கூட்டு வாடகைதாரராகவா? கூட்டு வாடகைதாரர் என்று எழுதியிருந்தால் முதல் நாள் முதலே வாடகை அவர் பொறுப்பும்தான். உத்தரவாதம் என்று எழுதியிருந்தாலும், முதலில் பையனைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும் என்று நினைத்துக்கொள்ள முடியாது. வேறு மாதிரி எழுதப்படாவிட்டால் இருவர் பொறுப்பும் ஒரே அளவு என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 128. அறையில் நாலு பேர் இருந்து, உங்கள் பையனுடைய பங்குக்கு மட்டும் என்று எழுதாமல் விட்டால், நாலு பேர் பாக்கியும் உங்களைத் தேடி வரலாம்.

உரிமையாளர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் எழுத வரவில்லை. வாடகை நின்றுபோய், வீடும் சிதைந்து, ஆளைப் பிடிக்க முடியாமல் தவிப்பவர்களை நான் அறிவேன். ஜாமீன் கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் அந்த உரிமையோடு கணக்குக் காட்டும் கடமையும் வருகிறது. கலிபோர்னியாவில் காலி செய்த 21 நாட்களுக்குள் அட்வான்ஸில் எதற்கு எவ்வளவு கழித்தோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், நியூயார்க்கில் 14 நாட்கள்தான். கலிபோர்னியாவில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. காலி செய்வதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் குடியிருப்பவர் கேட்டால் உரிமையாளர் வந்து வீட்டைப் பார்த்து, எதைச் சரி செய்தால் பணம் பிடிக்க மாட்டார் என்று சொல்ல வேண்டும். இது போன்ற விதி இல்லாத ஊர்களிலும் இதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள யார் தடுக்கிறார்கள்? அப்படிப் பார்க்க வரும் நாளில் ஜாமீன்தாரரையும் அழையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வர முடியாவிட்டால் அறை அறையாக எடுத்த படங்களும் மின்மீட்டர் அளவும் அவருக்குப் போகட்டும். சேதம் என்று சொல்வதை அவர் கண்ணால் பார்க்காமல் பணம் மட்டும் ஏன் தர வேண்டும்?

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், அதுவும் இளைஞர்களுக்கு. உங்களை நம்பி ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வாடகை ஏறினால், புது ஆள் சேர்ந்தால், ஒப்பந்தம் நீண்டால், முதல் போன் அவருக்குப் போக வேண்டும். அவர் உங்களுக்காக நியாயமாகக் கட்டிய பணத்தை உங்களிடம் கேட்டு வாங்க அவருக்குச் சட்டப்படியே உரிமை உண்டு. பெரியவர்கள் பலர் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. அந்தக் கூச்சத்தைச் சாக்காக வைத்து நழுவுவது அநியாயம்.

ஜாமீன் போட்டவர்களும் சும்மா இருக்கக் கூடாது. ஒப்பந்த நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடியும் தேதிக்கு முன்பே, இதற்குமேல் என் உத்தரவாதம் தொடராது என்று உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொடர் உத்தரவாதத்தை, அதாவது ஒரு தடவையோடு முடியாமல் அடுத்தடுத்து வருபவற்றுக்கும் பொருந்தும் உத்தரவாதத்தை, இனிமேல் வரப்போகும் நடவடிக்கைகளைப் பொறுத்தவரை நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 130 சொல்கிறது. அதுவரை ஏறிய பாக்கி மட்டும் போகாது.

உங்கள் பத்திரிகை இன்னொரு முறை மாதிரி வாடகை ஒப்பந்தம் வெளியிட்டால், இந்த வரிகளையும் தயவுசெய்து சேருங்கள்: ‘உத்தரவாதம் தருபவரின் பொறுப்பு ஒப்பந்தக் காலம் முடியும் நாளோடு முடியும், அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே நீடிக்கும். பாக்கியும் சேதமும் முதலில் முன்பணத்தில் கழிக்கப்படும். சாவி பெற்ற 30 நாட்களுக்குள் உரிமையாளர் இறுதிக் கணக்கையோ, பாக்கி இல்லை என்ற கடிதத்தையோ குடியிருந்தவருக்கும் உத்தரவாதம் தந்தவருக்கும் அனுப்புவார்.’

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்