விலங்கின் மேல் ஒரு துண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறைக் கட்டுரையில், 'கைதி என்றாலே போலீஸ் மீது வெறுப்புத்தான் இருக்கும்' என்று ஒரு வரி. மத்திய சிறை ஒன்றின் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அந்த வரியைக் கடந்துபோக மனம் வரவில்லை.

என் வகுப்பில் ஒரு பெரியவர் இருந்தார். நிலத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு வந்தவர். "நான் செய்தது பாவம் சார், என்னைப் பிடித்தது நியாயம். என் அம்மாவை ஸ்டேஷனில் தரையில் உட்காரவைத்து வாய்க்கு வந்தபடி ஏசினார்களே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்பார். அவரே இன்னொரு போலீஸ்காரரை மாதம் ஒரு முறையாவது நினைத்துக்கொள்வார். வாய்தாவுக்கு பஸ்ஸில் போகும்போது பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்களாம். வழிக்காவலுக்கு வந்த ஏட்டு, பையிலிருந்த துண்டை எடுத்து விலங்கின் மேல் போட்டு மறைத்தாராம். (எல்லாக் கைதிகளுக்கும் வழக்கமாக விலங்கு பூட்டக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லியாயிற்று. அது தனிக் கதை.)

அவருக்கு அடுத்து உட்கார்ந்தவன் இருபத்து மூன்று வயதுப் பையன். அவனுக்குப் போலீஸ், வார்டன், கணக்கில் தப்பைச் சுழித்த நான் எல்லோரும் ஒன்றுதான். ஒரு நாள் நோட்டைக் கிழித்து என் முகத்தில் எறிந்தான். அரை மணி கழித்து அவனே பொறுக்கி, சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டிருந்தான். அவனையும் அடித்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவன் கோபம் ஆள் பார்த்து வருவதில்லை.

சுயக்கட்டுப்பாட்டுக் குறைவே குற்றத்தின் வேர் என்று 1990இல் அமெரிக்கக் குற்றவியலாளர்கள் காட்ஃப்ரெட்சனும் ஹிர்ஷியும் வாதிட்டார்கள். பையனுக்கு அது பொருந்தும். அவனுக்கு யோகா வகுப்பும் மனநல ஆலோசனையும் ஓரளவு பயன்பட்டதைக் கண்ணால் பார்த்தேன். நல்லது கெட்டது தெரிந்த பெரியவருக்கு எந்த வகுப்பு எடுப்பது? பாடம் தேவைப்படுவது ஸ்டேஷனுக்கு.

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். பெரும்பாலோர் ஊர் திரும்பி, அதே ஸ்டேஷன் வாசலைக் கடந்துதான் வேலைக்குப் போக வேண்டும்.

சிறை விழாவுக்கு வந்த காவல்துறை அதிகாரி ஒருவரிடம் பெரியவரின் கேள்வியை ஒருமுறை கேட்டேன். சிரித்தார். அதற்குள் டீ வந்துவிட்டது.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை