கொசுக்கடிக்குக் கை நீட்டியவர்கள்

அன்புள்ள சேகரா,

இங்கே எல்லோரும் சுகம். ராமுவின் வழக்கு இன்னும் இழுக்கிறது, மீசையும் அப்படியே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் நான் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள். நீதான் கேட்டாக வேண்டும்.

நீல் ஹாமில்டன் ஃபேர்லி. ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவர், பிரிகேடியர், பிற்பாடு சர் பட்டம். 1920களில் ஸ்ப்ரூ என்ற குடல் நோயை ஆராயப் பம்பாய்க்கு வந்தவர், அதே நோயில் படுத்தார். சிரிக்காதே, விடுதிச் சாம்பாரை ஆராய்ந்த உன் கதி எனக்கு மறக்கவில்லை.

1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவில் உலகத்துப் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. ஜாவா விழுவதற்கு முன்பே ஃபேர்லி அங்கே 120 டன் வாங்க ஏற்பாடு செய்தும் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேரவில்லை. ஜப்பானோடு சண்டை நடந்த நியூ கினியிலோ குண்டடி பட்டவர்களைவிட மலேரியாவில் விழுந்தவர்கள் பன்மடங்கு. கையில் இருந்தது கொய்னாவுக்கு மாற்றான அட்டெப்ரின் மாத்திரை. அது தோலை மஞ்சளாக்கும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு.

1943இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் ஊரில் ஆராய்ச்சிக் கூடம் வைத்தார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் தாமாக முன்வந்து, மலேரியாக் கிருமி ஏறிய அனாபிலிஸ் கொசுக்களுக்குக் கையை நீட்டினார்கள். அப்புறம், உடம்பு வாடினாலும் மாத்திரை காக்குமா என்று பார்க்க, அவர்களை மலையேற விட்டார், குளிர் அறையில் நடுங்க வைத்தார். தினம் ஒரு மாத்திரை விழுங்கியவர்களுக்குக் காய்ச்சல் எழவில்லை. படையினரை மாத்திரை விழுங்க வைப்பது அதிகாரிகளின் பொறுப்பாயிற்று. மலேரியா மளமளவென்று குறைந்தது.

எனக்கு உறுத்துவது அந்தத் ‘தாமாக’. மேலே அதிகாரி, எதிரே போர்முனை. அந்த நிலையில் ஒருவன் சொல்லும் சம்மதத்துக்கு என்ன எடை? மறுபக்கம், கணக்கில் காப்பாற்றப்பட்ட உயிர்கள். படுக்கையில் புரண்டு புரண்டு இரண்டு கட்சிக்கும் வாதாடிவிட்டேன்.

ஆனால் மனுஷனைப் பிடித்துப்போனது வேறொன்றால். 1945இல் நியூ கினியின் ஐட்டாப்பே, வேவாக் பக்கம் மலேரியா மறுபடி கிளம்பியபோது, மாத்திரையை ஒழுங்காகத் தின்னவில்லை என்று சிப்பாய்கள்மேல் பழி போனது. அங்கே நோயில் விழுந்தவர்களைக் கெய்ன்ஸுக்கு வரவழைத்துச் சோதித்தார்கள். சிலரிடம் இருந்த கிருமி அந்த மாத்திரைக்கே அடங்காத ரகம். தன் மருந்து தோற்ற இடத்தைத் தானே அச்சில் போட்டார். நம் பழைய துறைத்தலைவர் செய்திருப்பாரா?

காலமெல்லாம் நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கியவன் நீ. அந்தச் சம்மதம் செல்லுமா, செல்லாதா? மழுப்பாமல் எழுது. அண்ணிக்கு வணக்கம்.

உன்,
பாலு