பொம்மிக்காக ஓடி வந்தவர்களுக்கு

தெருக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் கிழப்பூனை பொம்மி பிழைத்துக்கொண்டாள். நேற்றைய ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 4-க்குக் கீழே இறங்கிவிட்டது. "இந்த வயசுக்கு இது போதும்மா, இப்படியே பாத்துக்குங்க" என்றார் டாக்டர். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் எனக்கு முன்னால் போய்ச் சீட்டு வாங்கி வைத்த தம்பிகள், ராத்திரி நேரத்தில் ரிங்கர் லாக்டேட் (டிரிப் ஏற்றும் உப்புநீர்) பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்த மருந்துக்கடைப் பையன், பூனையைத் தூக்கிப்போகக் கூடையைக் கொடுத்துவிட்டு இன்னும் திருப்பிக் கேட்காத மாடிவீட்டு டீச்சர், நடுஜாமத்தில் பொம்மி போட்ட கத்தலுக்கு ஒரு வார்த்தை பேசாத பக்கத்து வீட்டு மாமா, மாமி... எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது மீன்கார அக்காவுக்காக.

எல்லோருடைய கவனமும் அப்போது சிறுநீரகத்தில்தான் இருந்தது. வேறெப்படி இருக்கும்? பூனையின் மூதாதை பாலைவனக் காட்டுப்பூனை. தண்ணீர் அதிகம் குடிக்காது, உள்ளே போன கொஞ்சத்தையும் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்து வைக்கும். வயதானால் முதலில் தேய்வதும் பெரும்பாலும் அதுதான். முக்கால்வாசி பழுதான பிறகுதான் கிரியாட்டினினில் தெரிய ஆரம்பிக்கும். அதனால் அவள் தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும்கூட நடக்காமல் படுத்தபோது, டாக்டர் முதல் நான் வரை எல்லோரும் அதைச் சிறுநீரகத்தின் கணக்கில்தான் எழுதினோம்.

அக்கா அன்னக்கூடையை வாசல்படியில் இறக்கி வைத்தார். வாசனைக்குப் பொம்மி எழுந்து நாலு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னா கண்ணு, கெழவி நடந்தா டைல்ஸுல டக்கு டக்குன்னு சத்தம் வருது?" என்றார் அக்கா. எனக்குக் கேட்கவே இல்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முன்னங்காலைத் தூக்கி, விரலுக்கு நடுவே ரோமத்தை ஒதுக்கிக் காட்டினார். ஒரு நகம் தடித்து, மஞ்சளாகி, வளைந்து வளைந்து விரலடிச் சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றிச் சீழ். "காசிமேட்டுல பாத்துருக்கேன். கெழட்டுப் பூனைக்கு யாரும் நகம் வெட்டி விடலன்னா இப்படித்தான் நொண்டிக்கினே கெடக்கும்."

வயசுப் பூனை எதையாவது பிராண்டிப் பிராண்டி நகத்தின் மேல்தோலை உதிர்த்துவிடும், நடக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். கிழப்பூனை பிராண்டுவதைக் குறைத்துக்கொள்ளும், நகமும் முழுசாக உள்ளே போகாது. அந்த டக்கு டக்கு அதுதான். அன்று மாலையே டாக்டர் நகத்தை வெட்டி எடுத்துப் புண்ணைக் கழுவிவிட்டார். மறுநாள் பொம்மி தானாகவே கிண்ணத்துக்குப் போனாள்.

அதோடு விட்டாரா அக்கா? சிறுநீரகத்துக்காகத் தினமும் தோலுக்கடியில் டிரிப் ஏற்ற வேண்டும், பொம்மியோ யார் மடியிலும் உட்காராதவள். அக்கா மடியில் மட்டும் உட்கார்ந்தாள். மீன் வாசனை! நான் தோள்பட்டைத் தோலைக் கூடாரமாகத் தூக்கி ஊசியை நுழைக்கும்போது அவள் பாட்டுக்கு அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருப்பாள். 100 மில்லி இறங்கி முடிந்ததும் முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வீக்கம், சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும். பாஸ்பரஸ் அதிகம், மீன் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கும் அக்காவிடம் வழி இருந்தது: உப்பில்லாமல் காரப்பொடி மீன் வேகவைத்த தண்ணீரில் ஒரே ஒரு ஸ்பூன், வெதுவெதுப்பாக, மருந்துத் தீனி மேல். கிழப்பூனைக்கு மோப்பம் குறைந்துவிடும், சூடும் வாசனையும் இருந்தால்தான் வாய் வைக்கும். டாக்டரும் சரி என்றார்.

நடுவில் புரட்டாசி பிறந்தது. எங்கள் தெருவில் புரட்டாசியில் மீன் வாங்குகிற வீடு இரண்டோ மூன்றோ. வேறு பக்கம் வியாபாரத்தை முடித்துவிட்டு, வெறும் கூடையோடு, எங்கள் வீட்டுக்காக மட்டுமே அக்கா வந்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "கெழவிக்கு மருந்து வாங்கு" என்றார்.

"வயசாயிடுச்சு, விட்டுடுங்க" என்று சொன்னவர்கள் மேல் கோபமில்லை. பொம்மிக்கு 17 வயது. மனுஷ வயசில் பார்த்தால் முதல் வருஷம் 15, இரண்டாவது முடிந்தால் 24, அப்புறம் வருஷத்துக்கு நாலு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதன்படி அவளுக்கு 84. அமெரிக்காவின் டெக்சாஸில் கிரீம் பஃப் என்ற பூனை 1967-இல் பிறந்து 2005 வரை, 38 வருஷம் இருந்தது. கின்னஸ் சாதனை அது. அவ்வளவு ஆசை எனக்கில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்கிற பூனை பதினைந்தைத் தாண்டுவதே நல்ல ஆயுசு. ஆனால் வயசு என்பது நோயின் பெயர் அல்ல. வயசுக்குள்ளே ஒளிந்துகொண்டு ஒரு நகம் குத்திக்கொண்டிருக்கலாம், பல் வலிக்கலாம், ரத்தக் கொதிப்பில் கண் போகலாம். இவற்றுக்கெல்லாம் மருந்து இருக்கிறது.

இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஞாயிற்றுக்கிழமைதோறும் நகம். இது சத்தியம். நம் தெருவில் பத்து வயது தாண்டிய பூனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே காலைத் தூக்கிப் பாருங்கள்.

ஊசியும் டிரிப் செட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்காவது தேவைப்பட்டால், டாக்டர் சீட்டோடு வாருங்கள், ஏற்றக் கற்றுத் தருகிறேன். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அக்காவைக் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் கூடை காலியான பிறகுதான் வருவார்.