வராத நாளிலும் நிரம்பியிருக்கும் பதிவேடு: வீட்டுப் பராமரிப்பு சேவை குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: என் அப்பாவுக்கு வழங்கப்படும் வீட்டுப் பராமரிப்பின் தரம், பதிவேட்டில் உள்ள பொய்யான பதிவுகள்

ஐயா / அம்மா,

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 74. ஒன்பது வருடமாக பார்கின்சன் நோய். அவரைப் பார்த்துக்கொள்ள உங்கள் நிறுவனத்திலிருந்து காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் ஆள் வருகிறார்கள். இரவு மட்டும் அம்மா பார்த்துக்கொள்கிறார். இதே விஷயத்துக்காக மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "கவனிக்கிறோம் சார்" என்றார்கள். அதனால் இப்போது எழுத்தில் தருகிறேன்.

முதலில் கடந்த மாதம் 14ஆம் தேதி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தோம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி, வீடு திரும்பும்போது மூன்று மணி ஆகிவிட்டது. மதியம் ஆள் வேண்டாம் என்று முந்தின நாளே உங்கள் அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் இருக்கும் உங்கள் பதிவேட்டில் அன்றைய மதியத்துக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. 12.00 மணிக்கு மாத்திரை கொடுத்தது, சாப்பாடு ஊட்டியது, கழிவறைக்கு அழைத்துப் போனது, "நோயாளி நலமாக உள்ளார்" என்ற குறிப்பு, கீழே ஒரு கையெழுத்து. வீடு பூட்டிக் கிடந்தது. அந்த மதியத்தைக் காலையிலேயே யாரோ எழுதி முடித்துவிட்டார்கள்.

அதைப் பார்த்த பிறகுதான் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆறு வாரமாக ஒவ்வொரு நாளும் மதிய மாத்திரை சரியாக 12.00 மணி. ஒரு நாள்கூட 12.05 இல்லை, 11.55 இல்லை. மனிதர் செய்யும் வேலை இப்படி இருக்காது. வாசல் மணி அடித்த நேரத்தை அம்மா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். அதன்படி 12.40, 1.15, ஒரு நாள் 2.30.

நாற்பது நிமிடம் தாமதமானால் என்ன என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான், பதில் சொல்கிறேன். அப்பா சாப்பிடுவது லெவோடோபா மாத்திரை. நோய் முற்ற முற்ற ஒரு மாத்திரையின் வேலை சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகிறது. அதனால்தான் மருத்துவர் 8, 12, 4, 8 என்று மணி குறித்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாத்திரை தாமதமானால் அப்பாவின் உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். நாற்காலியில் சரிந்துவிட்டால் தானாக நிமிர முடியாது. தண்ணீர் விழுங்குவதே சிரமமாகும். அந்த நிலையில் சாப்பாடு ஊட்டினால் புரையேறும். பிறகு மாத்திரை கொடுத்தாலும் அது வேலை செய்ய ஆரம்பிக்க நேரம் எடுக்கும், அந்த நாளின் பாதி அதிலேயே போய்விடும். இன்னொன்று, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே மாத்திரையைக் கொடுக்க வேண்டும். புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. உங்கள் ஆட்களில் பாதிப் பேர் வசதிக்காகச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். இதெல்லாம் முதல் நாளே நாங்கள் எழுதிக் கொடுத்த பராமரிப்புத் திட்டத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களில் யாரும் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. இந்த ஆறு வாரத்தில் 11 பேர் வந்துபோயிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அம்மாதான் முதலிலிருந்து பாடம் எடுக்கிறார். 70 வயதில், முழங்கால் வலியோடு.

எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் தரையில் குறுக்காக நான்கு மஞ்சள் டேப் கோடுகள் ஒட்டியிருந்தோம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது. பார்கின்சன் வந்தவர்களுக்கு நடக்கும்போது, முக்கியமாக வாசல்களிலும் திரும்பும் இடங்களிலும், கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் மேல்பாதி முன்னால் வரும், கால் வராது, விழுந்துவிடுவார்கள். ஆனால் தாண்டிப் போக ஒரு கோடு கண்ணுக்குத் தெரிந்தாலோ, பக்கத்தில் யாராவது "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாக எண்ணினாலோ கால் எழுந்துவிடும். பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கும். புதிதாக வந்த ஒருவர் தரையைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிட்டார். யாரும் சொல்லாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை அதே வாசலில் அப்பா நின்றுவிட்டார். வந்திருந்தவர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அப்பா விழுந்ததில் நெற்றியில் மூன்று தையல். பதிவேட்டில் அன்றைக்கும் "நலமாக உள்ளார்".

அப்பாவின் முகத்தில் இப்போது பாவனை குறைவு, குரலும் மெல்லியது. இதுவும் நோயின் வேலைதான். புத்தி தெளிவாகவே இருக்கிறது. தினமும் செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறார். ஆனால் வருகிறவர்கள் அவர் எதிரிலேயே அம்மாவிடம், "தாத்தாவுக்குப் புரியுமா?", "மோஷன் போனாரா?" என்று கேட்கிறார்கள். அவரிடமே கேட்கலாம். பதில் வர பத்து வினாடி ஆகும், அவ்வளவுதான். சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்வார், அதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அவசரத்தில் இவர்கள் போட்டுவிடுகிறார்கள். செய்யாமல் விட்ட வேலை கைக்கு மறந்துபோகும் என்பது உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிப்பாட்ட ஆண்தான் வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இரண்டு முறை பெண்ணை அனுப்பினீர்கள். அந்த இரண்டு நாளும் அப்பா குளிக்க மறுத்துவிட்டார். பதிவேட்டில் குளிப்பாட்டியதாகத்தான் இருக்கிறது!

இவ்வளவும் எழுதுவது வேலைக்கு வருகிறவர்கள் மேல் பழி போட இல்லை. பொய்யாகக் கட்டம் நிரப்பிய பெண்ணிடம் அம்மா கேட்டபோது அவர் அழுதுவிட்டார். தன் போனில் இருந்த அட்டவணையைக் காட்டினார். 11.30 முதல் 12.00 வரை ஒரு வீடு. 12.00 மணிக்கு எங்கள் வீடு. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரம் அதில் இல்லவே இல்லை. அவர் என்ன, பறந்தா வருவார்? தாமதம் என்று உண்மையை எழுதினால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அப்புறம் யார்தான் உண்மையை எழுதுவார்கள்? போனில் நான் புகார் சொன்னதும் "அந்தப் பெண்ணை மாற்றிவிடுகிறோம்" என்றீர்கள். நான் அதைக் கேட்கவில்லை. அட்டவணை போட்டவர் யார் என்றுதான் கேட்கிறேன்.

உங்களால் நன்றாகச் செய்ய முடியும் என்பதும் எனக்குத் தெரியும். முதல் நான்கு மாதம் ஒரே ஒரு தம்பிதான் வந்துகொண்டிருந்தார். அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்பினால் உடனே நிற்க வைக்காமல், தலைசுற்றல் வராதபடி இரண்டு நிமிடம் உட்கார வைத்துத்தான் எழுப்புவார். தாமதமானால் தாமதம் என்றே எழுதுவார். ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை, வேறு பகுதிக்கு மாற்றிவிட்டதாக மூன்று நாள் கழித்து எங்களுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அப்பா இன்னும் அவரைக் கேட்கிறார்.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். மாறி மாறி வருகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மூவரும் வேலைக்கு முன் திட்டத்தைப் படித்து, ஒரு நாளாவது எங்கள் வீட்டில் பக்கத்தில் நின்று பழக வேண்டும். மாத்திரை வேளையில் அரை மணிக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் உடனே அம்மாவுக்குப் போன் வர வேண்டும், மாத்திரையை அவரே கொடுத்துவிடுவார். 14ஆம் தேதிப் பதிவையும் அப்பா விழுந்த நாளின் பதிவையும் விசாரித்து, அட்டவணை போட்டவரையும் சேர்த்து விசாரித்து, முடிவை எழுத்தில் தர வேண்டும். வராத வேளைகளுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் என்னிடம் வேண்டாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேளுங்கள், அவர் பதில் சொல்லும் வரை கொஞ்சம் காத்திருங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் இதே ஆதாரங்களோடு போவேன். பதிவேடு இப்போது என்னிடம் இருக்கிறது. நகல் மட்டுமே தருவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளரின் மகன்

இணைப்பு: பதிவேட்டின் ஆறு வாரப் பக்கங்களின் நகல், அம்மா நேரம் குறித்த காலண்டர் தாள்களின் படம், 14ஆம் தேதி மருத்துவமனைச் சீட்டு, தையல் போட்டதற்கான மருத்துவக் குறிப்பு.