மவுண்ட் ஈடன் பள்ளத்துக்குள் இறங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஆக்லாந்து பயணக் கட்டுரை, மவுண்ட் ஈடன் எரிமலையின் வாய்க்குள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. படித்ததும் பதறிப்போனேன். அந்த மலைக்குப் பக்கத்தில், சாண்ட்ரிங்ஹாமில் மகள் வீட்டில் இருக்கிறேன். பள்ளியில் புவியியல் நடத்தியவள்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதை மவுங்காஃபாவ் என்கிறார்கள். உயரம் 196 மீட்டர். சுமார் 28,000 ஆண்டுகளுக்கு முன் வாயு நிறைந்த பாறைக்குழம்பு பீறிட்டுக் கிளம்பி, காற்றிலேயே ஆறி, துளைத் துளையான கற்களாக வாயைச் சுற்றி விழுந்து குவிந்த மலை அது. இறுகாத குவியல். கால்பட்டால் சரியும். நடுவிலுள்ள 50 மீட்டர் ஆழப் பள்ளம் மாவோரியருக்குப் புனித இடம், மாட்டாஹோ தெய்வத்தின் கிண்ணம். உள்ளே இறங்கக் கூடாது என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். சரிவுகளில் படிபடியாகத் தெரியும் மேடைகளும் மாவோரி முன்னோர் வெட்டியவை. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேமித்த குழிகள் இன்னும் தெரிகின்றன.

'எப்போது வெடிக்குமோ' என்ற பயம் வேண்டாம். ஆக்லாந்தில் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒருமுறை வெடித்து அடங்கிவிடும். அடுத்தது வேறு இடத்தில்தான் கிளம்பும்.

அந்த மலைகளுக்கு வந்த ஆபத்து மனிதரால் வந்தது. ஸ்கோரியா என்ற அந்தக் கல்லை வெட்டுவது எளிது. சாலை போடவும் ரயில் பாதைக்குச் சல்லியாகவும் மலை மலையாக வெட்டினார்கள். மவுண்ட் ஸ்மார்ட் இருந்த இடத்தில் இன்று விளையாட்டரங்கம். த்ரீ கிங்ஸில் மூன்று பெரிய குன்றுகளில் ஒன்றுதான் மிச்சம். அந்தக் குவாரிப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மிஞ்சிய மலைகளில் 14-ஐ 2014-ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரி குலங்களிடம் திருப்பித் தந்தது. எல்லோருக்கும் பொதுவான பூங்காக்களாகவே அவை பராமரிக்கப்படுகின்றன. 2016 முதல் மவுண்ட் ஈடன் உச்சிக்குக் கார்களும் போவதில்லை. விளிம்பைச் சுற்றி மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள்; நகரம், துறைமுகம் எல்லாம் அங்கிருந்தே தெரியும்.

பிள்ளைகளைப் பார்க்க இங்கே வரும் பெற்றோர் பலர் உங்கள் நாளிதழை நம்பித்தான் கிளம்புகிறார்கள். வரும் ஞாயிறே திருத்தம் வெளியிடுங்கள். நடக்க முடியாதவர்கள் முன்கூட்டியே கேட்டால் வாகனத்தில் மேலே செல்ல அனுமதி கிடைக்கும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
ஆக்லாந்து, நியூசிலாந்து