கே.ஆர். மார்க்கெட்டில் உதவிய பெரியவருக்கு

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் கேமரா பைத்தியம். இப்போதும் ஞாயிறு விடிந்தால் அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவை மாட்டிக்கொண்டு பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவேன். (காய்கறி வாங்கி வருவேன் என்ற நம்பிக்கை வீட்டில் எப்போதோ போய்விட்டது.)

போன மாதம் அங்கே, கேமராவில் வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டர் முள் அசையவே இல்லை. சாமந்திக் குவியல் பக்கத்தில் நான் முழிப்பதைப் பார்த்த ஒரு பெரியவர் தமிழிலேயே கேட்டார்: "பேட்டரி போச்சா தம்பி? மீட்டருக்குத்தான் அது வேணும். ஷட்டர் அது பாட்டுக்கு ஓடும்." ஃபிலிமின் வேகம் (ஒளியை உணரும் திறன்) 400 என்றேன். "நல்ல வெயில்ல லென்ஸ் துளை எஃப்/16, ஷட்டர் 500, அதாவது நொடியில ஐந்நூறுல ஒரு பங்கு. நிழலுக்கு வந்தா எஃப்/4 வரைக்கும் திற." அப்புறம் என் கையை வெயிலில் நீட்டச் சொல்லி, தரையில் விழுந்த நிழலின் ஓரம் எவ்வளவு கூர்மை என்று பார்த்து வெளிச்சத்தைக் கணிக்க வைத்தார். இதெல்லாம் படித்ததுதான், ஆனால் நின்ற இடத்தில் ஒருவர் காட்டித் தருவது தனி.

பெயர் கேட்பதற்குள் மல்லிகைப் பையோடு கூட்டத்தில் கலந்துவிட்டார். ஐயா, ரொம்ப நன்றி. ரோல் கழுவி வந்துவிட்டது. மாலை கட்டும் அம்மாவின் விரலில் சுற்றிய நார்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. உங்களுக்கும் ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம்தான் இருப்பேன்.