டெஸ்ட்ல ஒண்ணும் வரலன்னா நடிப்புன்னு அர்த்தமில்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வலிப்பு வந்து விழறவங்க எல்லாருக்கும் காக்கா வலிப்புதான்னு சொல்லிட முடியாது, இது தெரியாம எங்க புளோக்குல ஒரு குடும்பம் பட்ட பாட்ட பக்கத்துல இருந்து பாத்தேன், அதான் எழுதறேன். அந்த அக்காவுக்கு வருசக்கணக்கா வலிப்பு மாத்திரை குடுத்தும் கை கால் உதறி விழறது நிக்கவேயில்ல. கடைசியில ஆஸ்பத்திரியில படுக்க வச்சு, தலையில ஒயர் ஒட்டி கேமராவும் வச்சு, வலிப்பு வர்ற நேரத்துலயே மூளை அலைய பதிவு பண்ணாங்க, வீடியோ ஈஈஜின்னு சொல்வாங்க. உடம்பு உதறுது, ஆனா காக்கா வலிப்புல வர்ற அந்த மின் கோளாறு மூளையில இல்ல. டாக்டர் "இது எபிலெப்சி (காக்கா வலிப்பு) இல்ல"ன்னு சொன்னத வீட்டுக்காரர் ஒண்ணுமே இல்லன்னு எடுத்துக்கிட்டு, "அப்ப இத்தன நாளு நடிச்சியா"ன்னு கேட்டுட்டாராம். எனக்கே மனசு ஆறல, அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

நடிப்பு இல்லங்க. இதுக்கு ஃபங்ஷனல் சீஷர்னு பேரு. பழைய அதிர்ச்சி, பயம், அடக்கி வச்ச அழுத்தம்னு பின்னால ஏதாவது இருக்கலாம், சிலருக்கு அப்படி எதுவுமே தெரியாது, எப்படி வந்தாலும் அவங்களா வரவழைக்கிறதில்ல. வர்றப்ப கண்ண இறுக்க மூடியிருக்கறது, ரெண்டு நிமிசத்துக்கு மேல நீடிக்கறது, தலை இப்படியும் அப்படியும் ஆடறது இதெல்லாம் டாக்டருங்க கவனிப்பாங்க, ஃபோன்ல வீடியோ எடுத்துக் காட்டினா ரொம்ப உதவி. ஆனா நாமளே முடிவு பண்ணிடக்கூடாது, ரெண்டு வலிப்பும் சேர்ந்தே உள்ளவங்களும் இருக்காங்க, டாக்டர கேக்காம மாத்திரைய நிறுத்திடாதீங்க. கையில சாவிக்கொத்த திணிக்கறது, வாயில கரண்டி வைக்கறது எதுவும் வேணாம், ஒருக்களிச்சு படுக்க வச்சு பக்கத்துல இருங்க, அஞ்சு நிமிசம் தாண்டினா 995க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.

இதுக்கு முக்கியமான வைத்தியம் சைக்காலஜிஸ்ட்கிட்ட போய் பேசி, பழகி எடுக்கற தெரபிதான். வர்றதுக்கு முன்னாடி நெஞ்சு படபடக்குதா, கை மரத்துப் போகுதா, எல்லாம் தூரத்துல கேக்குதான்னு அடையாளம் கண்டுபிடிச்சு, உடனே கால தரையில அழுத்தி, கண்ணு முன்னாடி தெரியற சாமான ஒண்ணொண்ணா பேர் சொல்லி கவனத்த வெளிய கொண்டுவர சொல்லித் தர்றாங்க. பயந்து ஒதுக்கின எம்ஆர்டி ரயில், மார்க்கெட்டுக்கெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா திரும்பப் போக வைக்கிறாங்க. இந்த தெரபி உதவுதான்னு பிரிட்டன்ல 368 பேர வச்சு பண்ண கோட்ஸ்ங்கற ஆய்வு 2020ல வந்துச்சு, ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா தெரபி எடுத்தவங்களுக்கும் வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்தவங்களுக்கும் மாசத்துக்கு எத்தன தடவ வருதுங்கறதுல பெரிய வித்தியாசம் இல்லதான், அத மறைக்க வேணாம், ஆனா தெரபி எடுத்தவங்க வலிப்பே வராம இருந்த காலம் நீண்டுச்சு, அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டுச்சு. மாத்திரை மேல மாத்திரைய ஏத்தறத விட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு விசயம். அந்த அக்காவுக்கு தமிழ் மட்டும்தான் வரும், டாக்டர் ரூம்ல மகன்தான் மொழிபெயர்த்தான். பெத்த புள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு எந்தம்மா தன் மனசுல உள்ளத சொல்லும்? தமிழ் பேசற சைக்காலஜிஸ்ட் வேணும்னு, கிடைக்கலன்னா குடும்பம் அல்லாத ஒருத்தர் மொழிபெயர்க்கணும்னு கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க.

நம்ம தமிழ் நரம்பியல் டாக்டர் ஒருத்தர விட்டு இதப்பத்தி விளக்கமா ஒரு பக்கம் எழுத வைங்க சார், வீட்டு ஆம்பளைங்களும் படிக்கற மாதிரி ஞாயித்துக்கிழமையில போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்